முகம் காட்டக் கூடாத வேலை

மே மாதம் ஆறாம் தேதி காலை, ஆற்றோரச் சாலையில் உள்ள காட்டுயிர் மீட்பு மையத்தில், குஞ்சுகள் அறையின் கடைசிக் கூண்டிலிருந்த ஆந்தைக் குஞ்சு ஒன்று, கோடைக்காலப் பயிற்சியாளர் ஒருவரின் முகத்தைப் பார்த்துவிட்டது.

பார்த்திருக்கக் கூடாது. அந்த மையத்தின் முதல் விதியே அதுதான். தாயை இழந்து வரும் குஞ்சுக்கு மனிதர் யாரும் முகம் காட்டக் கூடாது, குரலும் காட்டக் கூடாது. கூண்டுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறத் திரை. திரையில் கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. கையில் ஆந்தைத் தலைபோல் தைத்த கையுறைப் பொம்மை. கண்ணுக்கு இரண்டு மஞ்சள் பொத்தான்கள். பொம்மையின் அலகில் இறைச்சித் துண்டைக் கவ்வவைத்து, திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று ஊட்ட வேண்டும். குஞ்சு அந்தப் பொம்மையைத் தாய் என்று நம்பும். நம்பி வளர்ந்து, ஒரு நாள் காட்டுக்குப் போய், பொத்தான் கண் இல்லாத ஆந்தைகளோடு சேர்ந்துகொள்ளும்.

அன்று காலை புழுக்கம் அதிகம். பயிற்சியாளரின் மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி, பிளவு வழியாகக் கூண்டுக்குள் விழுந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குக் குஞ்சும் தெரியாது, பொம்மையும் தெரியாது. திரையை விலக்கி, தலையை உள்ளே நீட்டித் தடவினாள். கண்ணாடி கைக்கு அகப்பட்டது. மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு சாண் தூரத்தில் குஞ்சு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட கடவுளே" என்றாள். விதியின் மறுபாதியும் அத்தோடு போனது.

குஞ்சு வாயைத் திறந்தது.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. மற்றப் பயிற்சியாளர்கள் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் முதல் நாளே அவளுக்குப் 'பயிற்சியக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப அடுக்குவதுமாக இருந்தவள். கோப்புகள் கணினிக்குள் போனதும் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கோடைக்காலப் பயிற்சிக்கு வயது வரம்பு இல்லை என்ற அறிவிப்பு கண்ணில் பட்டது. கோடை முடிந்ததும் ஒரு சிலரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றும் அதில் இருந்தது. 'விலங்குகளிடம் அன்பு உண்டு' என்று எழுதி விண்ணப்பித்தாள். உண்மையான காரணத்தை எழுதவில்லை.

உண்மையான காரணம் வீட்டில் சோபாவில் படுத்திருந்தது.

மகனுக்கு இருபத்தெட்டு வயது. படித்தவன். வெளியூரில் ஒரு வேலையில் இருந்தான். தகப்பனார் இறந்தபோது வந்தவன் திரும்பிப் போகவில்லை. அந்தச் சோபாவில் அவன் உடம்பின் அச்சு விழுந்துவிட்டது. காலையில் எழுவான், பல் துலக்குவான், படுப்பான். தட்டில் போட்டுக் கையில் கொடுத்தால் சாப்பிடுவான். முட்டையை அவள் உரித்துக் கொடுப்பாள். மாலையில் அவள் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பான். பசி என்று நினைத்து, செருப்பைக் கழற்றும் முன்னே அடுப்பைப் பற்றவைப்பாள். கணவர் போன பிறகு அவளுக்கும் இரவில் தனியாகத் தூக்கம் வருவதில்லை. அடுத்த அறையில் மகனின் கைப்பேசி வெளிச்சம் தெரிந்தால்தான் கண்ணை மூடுவாள். ஆகவே அதை அவள் பெரிய குறையாகச் சொல்வதில்லை. சொல்வதற்கு அவளுடைய தம்பி இருந்தான்.

"அக்கா, நீ கையில குடுக்கிற வரைக்கும் அவன் எந்திரிக்க மாட்டான்" என்று வாராவாரம் தொலைபேசியில் சொல்வான். "அவனைக் கெடுத்ததே நீதான்."

"சரிப்பா" என்பாள். அவளுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

தன் கையால் ஊட்டியது ஒன்றாவது இறக்கை விரித்துப் போவதைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள். வந்த முதல் வாரத்திலேயே முகத்தைக் காட்டிவிட்டாள்.

முகம் பார்த்த குஞ்சுகளுக்கு என்ன ஆகும் என்று டாக்டர் முதல் நாளே கூட்டிப் போய்க் காட்டியிருந்தார். டாக்டர் வயதில் மகள் மாதிரி, அதட்டலில் மாமியார் மாதிரி. மையத்தின் பின்பக்கம் மரத்தடியில் ஒரு நீளமான கூண்டு. உள்ளே பருந்து, வல்லூறு, கூகை என்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆள் வருவதைக் கண்டதும் எல்லாம் கம்பி ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்தன.

"இதுங்க எல்லாம் மனுஷங்களை அம்மான்னு நினைச்சுக்கிட்டதுங்க" என்றார் டாக்டர். "இறக்கை நல்லா இருக்கு. பறக்கத் தெரியும். போகத்தான் தெரியாது. கடைசி வரைக்கும் இங்கேதான்."

ஊழியர்கள் அந்தக் கூண்டுக்கு வைத்திருந்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளைங்க'. கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். பயிற்சியக்காவுக்கு வீட்டுச் சோபா நினைவுக்கு வந்தது.

இப்போது அவள் நேராகத் தீவன அறைக்குப் போனாள். உறைபெட்டி ஒழுகி, தரை எப்போதும் ஈரமாக இருக்கும் அறை. அங்கே கோழி இறைச்சியை நறுக்குபவரும், உறைந்த எலிகளை வெந்நீரில் போட்டு இளக்குபவரும் ஒருவரே. உயரமாக, முதுகு வளைந்து இருப்பார். எதைச் சொன்னாலும் இழவு வீட்டில் சேதி சொல்வதுபோலச் சொல்வார். காலையில் அவர் 'வணக்கம்' என்றால், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு."

அவர் கை நறுக்குவதை நிறுத்தவில்லை. "மூஞ்சியக் காட்டிட்டியாம்மா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில இறகு ஒட்டிக்கிட்டிருக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "டாக்டர்கிட்டச் சொல்லிடட்டுமா?"

"சொல்லலாம். உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்க. அதைப் பின்னாடி மாப்பிள்ளைங்களோட சேர்ப்பாங்க. ரெண்டு பேர் கதையும் ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"வேற வழியே இல்லையாண்ணே?"

அவர் கத்தியைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். "ஒரே மூஞ்சியப் பார்த்தாத்தான் அதை அம்மான்னு பிடிச்சுக்கும். பல மூஞ்சியப் பார்த்தா குழம்பிடும். குழம்பிப்போனதுக்கு அம்மா ஏது?"

அது நியாயமாகப் பட்டது. இன்னொரு முகத்துக்கு எங்கே போவது என்று அவள் யோசிப்பதற்குள், அவரே கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். குஞ்சுகள் அறைக்கு வந்து, திரையை விலக்கி, தன் நீண்ட முகத்தைக் கூண்டுக்குள் நீட்டினார். குஞ்சு அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

அவர் முகத்தை வெளியே எடுத்தார். திரையை இழுத்து மூடினார்.

"இப்ப அதுக்கு அப்பாவும் ஆச்சும்மா" என்றார்.

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் லேசாகக் குலுங்கின. மனிதர் எவ்வளவு இளகிய மனம் படைத்தவர் என்று பயிற்சியக்கா நினைத்தாள்.

அடுத்த கவலை, குஞ்சு வளரவில்லை. அது பெரிய இனத்துக் குஞ்சு, வளர்ந்தால் பூனை அளவுக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவோ உள்ளங்கையில் அடங்கும் அளவிலேயே நின்றது. தினமும் காலையில் தராசில் வைப்பாள். முள் முந்தின நாள் நின்ற இடத்திலேயே வந்து நிற்கும். முகம் பார்த்த ஏக்கத்தில்தான் இளைத்துப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அளவுக்கு மேல் இரண்டு துண்டு வைத்தாள். பிறகு நாலு துண்டு. குஞ்சு மேல்நோக்கி வளராமல் பக்கவாட்டில் வளர்ந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "இது ஆந்தையா, பந்தா?"

"ஆந்தைதான் டாக்டர்."

"தீனி யார் போடறது?"

"பொம்மைதான் டாக்டர்."

டாக்டர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். "பொம்மைகிட்டச் சொல்லுங்க, இனிமே பாதி அளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதி வயிற்றோடு இருந்த குஞ்சுக்குக் காது கூர்மையாயிற்று. பயிற்சியக்காவின் செருப்புச் சத்தம் நடைபாதையில் கேட்டதுமே கத்தத் தொடங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தாள். வெறுங்கால் சத்தத்தையும் இரண்டே நாளில் தெரிந்துகொண்டது. சோப்பு வாசனையால் கண்டுபிடிக்கிறதோ என்று சோப்பை மாற்றினாள். கடைசியில், டாக்டர் நடப்பதுபோலக் குதிகாலை அழுத்தி டக்கு டக்கென்று நடந்து பார்த்தாள். குஞ்சு அந்தச் சத்தத்துக்கும் பழகிக்கொண்டது. விளைவு, டாக்டர் நிஜமாகவே உள்ளே வந்த அன்று, அது அவரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கத்தியது.

"என்னைப் பார்த்து ஏன் இப்படிக் கத்துது?"

"உங்களை இல்ல டாக்டர். உங்களுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு பல்லி இருந்துச்சு."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சுவர் வெள்ளையாக இருந்தது.

"போயிடுச்சு" என்றாள் பயிற்சியக்கா.

மாதக் கடைசியில் சோதனை என்று அன்றுதான் டாக்டர் அறிவித்தார். ஒவ்வொருவரும் தான் வளர்த்த குஞ்சின் முன்னால் திரையில்லாமல் நிற்க வேண்டும். குஞ்சு பயந்து ஒதுங்கினால் அன்று மாலையே காட்டுக்கு. வாயைத் திறந்தால் பின்பக்கக் கூண்டுக்கு.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "காட்டுக்குப் போற நேரத்துல யாரும் பாசத்துல கூப்பிடக் கூடாது. ஒரு தடவை கூப்பிட்டாப் போதும், திரும்பி வந்துடும். அப்புறம் போகவே போகாது."

பயிற்சியக்கா மறுபடி தீவன அறைக்குப் போய் நின்றாள். இந்தத் தடவை அவள் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"இனி ஒரே வழிதாம்மா. வெறுக்க வைக்கணும்."

"யாரை?"

"உன்னைத்தான். தட்டைத் தட்டு. குடையைப் படக்குனு விரி. திட்டு. வாயால திட்டினாப் பத்தாது, மனசோட திட்டணும். அதுங்களுக்கு வித்தியாசம் தெரியும்."

தட்டையும் குடையையும் அவளால் சமாளிக்க முடிந்தது. திட்டுவதுதான் வரவில்லை. அவள் அதுவரை யாரையும் திட்டியதில்லை. பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். காய்காரர் அழுகல் தக்காளியைப் போட்டால், வீட்டுக்கு வந்து தக்காளியிடம் வருத்தப்படுவாள். அலுவலகத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பிய மேலாளருக்கு, போகும்போது பேனா வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவள்.

திரையை விலக்கிக் கூண்டின் முன் நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "இங்க பாரு. நீ இப்படிச் செய்யறது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலை. புரியுதா?"

குஞ்சு வாயைத் திறந்தது.

"இதுக்குப் பேரு திட்டாம்மா?" என்றார் பின்னால் நின்ற தீவன அறைக்காரர். "எனக்கே தூக்கம் வருது."

திட்டிப் பழக வேண்டும் என்று முடிவாயிற்று. மையத்தில் பழக இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் குளிக்கப் போயிருந்தான். மேடைமேல் ஓர் உருண்டை ரொட்டியை வைத்து, கண் இருந்தால்தான் கோபம் வரும் என்று இரண்டு மிளகைப் பதித்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் தட்டு. முதல் நாலைந்து தடவை சரியாக வரவில்லை. பிறகு எங்கிருந்தோ வந்தது.

"எந்திரிச்சுப் போ" என்றாள் ரொட்டியிடம். தட்டை ஓங்கி அடித்தாள். "வாயைத் திறந்துக்கிட்டு எத்தனை நாளைக்கு இங்கேயே உட்கார்ந்திருப்பே? ஊட்டி ஊட்டி என் கை ஓஞ்சுபோச்சு. வெளியில போய்ப் பாரு, உன்னைப் போல இருக்கறதெல்லாம் தானாத் தேடித் தின்னுது. உனக்கு மட்டும் என்ன, இறக்கை இல்லையா? உன்னால ஊர்ல எனக்குக் கெட்ட பேரு. போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

நன்றாக வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

கதவு திறந்திருந்தது. ஈரத் தலையோடு மகன் நின்றுகொண்டிருந்தான். கையில் காலையில் சாப்பிட்ட தட்டு.

அவள் சட்டென்று தட்டைக் கவிழ்த்து ரொட்டியை மூடினாள். ஏன் மூடினாள் என்று பிறகு பலமுறை யோசித்தும் விடை கிடைக்கவில்லை. ரொட்டியைத் திட்டினேன் என்று சொல்ல வெட்கம். மகனைத் திட்டினேன் என்று அவன் நினைத்துக்கொள்வான் என்பது அந்த நொடியில் உறைக்கவில்லை. உறைத்தபோது அவன் தொட்டியடிக்குப் போயிருந்தான். தன் தட்டைத் தானே கழுவி, துடைத்து, அடுக்கில் வைத்தான். தகப்பனார் போன பிறகு அவன் தட்டுக் கழுவியதை அவள் பார்த்ததில்லை.

மதியத்துக்குள் பையைக் கட்டிவிட்டான்.

"எங்கடா?"

"மாமா ஊருக்கு. அங்க ஒரு சரக்குக் கிடங்குல ஆள் கேட்டாங்களாம்."

"இந்த வெயில்லயா?"

"சரக்கு வேன்லதாம்மா போகும். தலையிலயா சுமக்கப் போறேன்?"

நான் உன்னைச் சொல்லலைடா. இந்த மூன்று வார்த்தையும் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வாசல்வரை அவனோடு நடந்தது. அங்கே டாக்டரின் குரல் குறுக்கே நின்றது. ஒரு தடவை கூப்பிட்டாப் போதும், திரும்பி வந்துடும். அப்புறம் போகவே போகாது.

பல்லைக் கடித்துக்கொண்டாள். "குடை எடுத்துக்கோ" என்றாள்.

"வேணாம்."

தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்தபோது, அவனுக்காக உரித்துவைத்த முட்டை கிண்ணத்தில் அப்படியே இருந்தது. அதைத் தானே சாப்பிட்டாள். உப்புப் போட மறந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி அழைத்தான். "அக்கா, பையன் நேத்தே வேலையில சேர்ந்துட்டான். மூட்டைக் கணக்குப் பார்க்கிறான். அப்படி என்னதான் சொன்னே அவன்கிட்ட?"

"வாயைத் திறந்தேன். வந்துடுச்சு."

"இதை ரெண்டு வருஷம் முன்னாடியே திறந்திருக்கலாம்ல?"

அதன் பிறகு அவளுக்குத் திட்டுவதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை. வீட்டில் அடுத்த அறை இருட்டாகவே இருந்தது. அவள் தூங்காத கண்களோடு மையத்துக்கு வந்து, திரையை விலக்கி, கூண்டின் முன் நின்று திட்டினாள். வயிற்றிலிருந்து திட்டினாள். மகன் போனது, கணவர் போனது, கோப்புகள் போனது எல்லாம் அதில் இருந்தன. கண்ணில் நீர் வடிய வடிய, குரல் உடைய உடையத் திட்டினாள். குஞ்சு இரண்டடி பின்னால் நகர்ந்தது. பக்கத்துக் கூண்டில் பொம்மையோடு நின்ற கல்லூரிப் பெண், பொம்மையைக் கழற்ற மறந்து வெளியே ஓடினாள்.

தீவன அறையில் கத்திச் சத்தம் நின்றது. அவர் வாசலில் வந்து நின்றார். முதல் தடவையாக அவர் முகம் நிஜமாகவே இழவு வீட்டு முகமாக இருந்தது.

"அம்மா, இது கொஞ்சம் அதிகம்."

"நீங்கதானேண்ணே மனசோட திட்டச் சொன்னீங்க."

"சொன்னேன்தான்." அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சோதனை முடியட்டும்ணே. இப்ப எதையும் கேட்கிற நிலையில நான் இல்ல."

சோதனை நாள் வந்தது. திரைகளை எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பயிற்சியக்கா கடைசிக் கூண்டின் முன் போய் நின்றாள். குஞ்சு அவளைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். வாயைத் திறந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டாள். திறந்தால் நன்றாக இருக்குமே என்று உள்ளே எங்கோ ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை அதட்டி உட்காரவைத்தாள்.

குஞ்சு மெதுவாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார் டாக்டர்.

வளர்த்ததற்காக அவளை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மாலையில் குஞ்சை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, வேன் ஓட்டுநரிடம் கொடுத்தார்கள். அடிபட்ட பிராணிகளை ஊரெங்குமிருந்து அள்ளி வருவதும், தேறியவற்றைக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. முகம் பார்த்தால் மனம் மாறிவிடும் என்பதால் வளர்த்தவர் கூடப் போகக் கூடாது. அவள் பெட்டியின் பக்கம்கூடப் போகவில்லை. வேன் முன்வாசல் வழியாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள்.

பேருந்து நிறுத்தம் மையத்தின் பின்பக்கச் சந்தில் இருந்தது. அங்கே நின்றபோது அவளுக்கு ஒரு தெளிவு வந்திருந்தது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் அவளைப் பிடிக்காது. இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். அவள் செய்தது கொடுமைதான், ஆனால் சரியான கொடுமை. குஞ்சே சாட்சி. மகனிடம் உண்மையைச் சொல்லக் கூடாது, ஒருபோதும் சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தாள்.

சந்தின் மறுமுனையில் ஒரு வேன் திரும்பியது. வந்து மையத்தின் பின்கதவுக்கு எதிரில் நின்றது. ஓட்டுநர் இறங்கினார். அட்டைப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடினார்.

"தம்பி" என்றாள். "காட்டுக்குப் போகலையா?"

"அட, அக்காவா? இன்னும் பஸ் வரலையா?" அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எந்தக் காட்டுக்கு?"

"குஞ்சை விட."

"உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" அவர் சாவியைப் பூட்டில் விட்டார். "இது குஞ்சு இல்லக்கா. கிழடு. சின்ன ஜாதி, இவ்வளவுதான் வளரும். இறக்கை எலும்பு கோணலா ஒட்டிக்கிச்சு, பறக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துல வந்தது. கோடைக்குக் கோடை புது ஆளுங்கள்ல பழக்கமே இல்லாத ஒருத்தருக்கு இதைத்தான் குஞ்சுன்னு குடுப்பாங்க. வந்த உடனே நிஜக் குஞ்சைத் தூக்கிக் கையில குடுக்க முடியுமா? ஏதாவது தப்பாகிச் செத்துப்போச்சுன்னா?"

"அப்ப அது இன்னிக்கு என்னைப் பார்த்துப் பயந்தது?"

"வயிறு நிறைஞ்சிருந்தா அது யாரைப் பார்த்தாலும் முதுகைக் காட்டும். தீவன அறைக்காரர் காலையிலயே ரெண்டு மடங்கு போட்டுட்டாரு. உங்களைப் பார்க்கப் பாவமா இருந்துச்சாம். கோடையில அந்த மனுஷன் லீவே போட மாட்டாரு, இந்தக் கூத்தைப் பார்க்கணும்னே வருவாரு. அவருக்கே இந்த வருஷம் சிரிக்க முடியலைன்னாரு." கதவு திறந்தது. "நீங்க பாஸ்க்கா. வேலையும் உங்களுக்குத்தான். திங்கக்கிழமை பாருங்க, டாக்டரே கூப்பிட்டுச் சொல்லுவாங்க."

பெட்டியோடு அவர் உள்ளே போய்விட்டார்.

பயிற்சியக்கா நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாட்சி போய்விட்டது. மிச்சம் இருந்தது, அவள் பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தினாள் என்பது மட்டும். கைப்பேசியை எடுத்தாள். மகனின் எண்ணை அழுத்தினாள்.

மகன் எடுத்தான். பின்னால் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம்.

"சாப்பிட்டியா?" வேறெதுவும் முதலில் வரவில்லை.

"ஆச்சும்மா."

"டேய், அன்னிக்கு நான் உன்னைத் திட்டலைடா. சத்தியமா உன்னை இல்ல. அங்க ஒரு ஆந்தை. அதைத் திட்டணும்னு சொன்னாங்க, எனக்கு வரலை, அதான் வீட்ல ஒரு ரொட்டியை வெச்சுப் பழகிக்கிட்டிருந்தேன். அந்த ஆந்தையும் இப்ப குஞ்சே இல்லையாம். எல்லாம் வீணாப்போச்சு. நீ கிளம்பி வந்துடு. உன்னை நான் போகச் சொல்லவே இல்ல."

மறுமுனையில் யாரோ ஏதோ கேட்டார்கள். அவன் கைப்பேசியைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னான். பிறகு திரும்பி வந்தான்.

"தெரியும்மா, நீ மூடறதுக்கு முன்னாடியே ரொட்டியைப் பார்த்துட்டேன்" என்றான். "உனக்குத் திட்ட வந்துடுச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான், இனி உன்னைத் தனியா விட்டுட்டுப் போகலாம்னு நான் கிளம்பினேன்."

திங்கட்கிழமை காலை அவளிடம் ஒரு குஞ்சை ஒப்படைத்தார்கள்.